கெட்டதை முதல்ல சொல்லிடறேன்

பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் போன் போட்டு, "கெட்டதை முதல்ல சொல்லிடறேன், நீ எழுதினதுல பாதி தப்பு" என்று ஆரம்பிப்பாள். கல்யாணமாகி மைசூர் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. பேச்சும் வரவரக் குறைந்துவிட்டது. ஆனாலும் யாராவது என்னிடம் வந்து வாயெல்லாம் சர்க்கரையாகப் பேசினால் போதும், எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் ஆபீஸ் தென்னூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பழைய பாலம், தண்ணீர் டேங்க், பள்ளிக்கூடக் கட்டடம் இவையெல்லாம் இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று பார்த்துச் சொல்கிற சின்ன கம்பெனி. சைட்டுக்குப் போகிற இன்ஜினியர்கள் நானும் அவளும்தான். மற்றவர்கள் எல்லாம் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போடுகிறவர்கள். நாங்கள் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்க் கான்கிரீட்டைத் தட்டித் தட்டிக் கேட்போம். நல்ல கான்கிரீட் கணீரென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்து மேல்பூச்சு பிரிந்திருந்தால் பொத்பொத்தென்று சத்தம் வரும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவோம். வெயிலில் காய்ந்து, புழுதி தின்று, நாள் முழுக்க இதுதான் பிழைப்பு.

நான் வையம்பட்டிக்காரி. வீட்டில் கடலைக்காடு, மாடு கன்று. அவள் ஸ்ரீரங்கம். அவள் அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கீற்று, தலையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் ஆம்பிளை பூட்ஸ், இப்படி அவள் சாரத்தில் ஏறினால் மேஸ்திரிகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

எதைக் கேட்டாலும் அவள் கெட்டதைத்தான் முதலில் சொல்வாள். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் நின்றால், "கெட்டதை முதல்ல சொல்லிடறேன். இந்தக் கலர் உனக்கு நன்னாவே இல்லை" என்பாள். அப்புறம் ஒரு நிறுத்து நிறுத்துவாள். மூச்சு வாங்குவாள், மூக்குக் கண்ணாடியைத் துடைப்பாள், சில சமயம் தண்ணீர்கூடக் குடிப்பாள். அதற்குப் பிறகுதான், "ஆனா பார்டர் அசத்தறது, எங்கே வாங்கினே?" என்று நல்லது வரும். அதற்குள் கேட்டவர் முகம் சுண்டிப்போய்த் தன் சீட்டுக்குப் போயிருப்பார். ஆபீஸில் அவளுக்கு 'இன்டர்வெல்' என்று பெயர் வைத்திருந்தோம். முகத்துக்கு நேரேயே கூப்பிடுவோம். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

"நல்லதை முதல்ல சொன்னா என்னடி குறைஞ்சு போயிடும்?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன்.

"நல்லதை முதல்ல சொல்லிட்டேன்னு வை, எதிராளி சிரிச்சிடுவா. சிரிச்ச மூஞ்சியைப் பார்த்துண்டு கெட்டதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அப்படியே முழுங்கிடுவேன். பாலத்துக்கு அடியில போறவா தலையிலன்னா அது விழும்?"



எங்கள் மேனேஜர் பாவம், இவளால் ரொம்பப் பட்டார். ரிப்போர்ட் என்றால் முதல் பக்கத்தில் "பொதுவாக நல்ல நிலையில் உள்ளது" என்று ஒரு வரி போட்டு, விரிசல் கதையெல்லாம் பின்னால் எங்கேயாவது தள்ளுவதுதான் வழக்கம். இவள் முதல் வரியிலேயே, "இந்தத் தொட்டியின் கீழே குழந்தைகளை விளையாட விடக்கூடாது" என்று எழுதுவாள். மேனேஜர் பக்கங்களை மாற்றி வைப்பார். இவள் மறுபடி மாற்றி வைப்பாள். ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் குதிகுதியென்று குதித்தாராம். நாலாம் பக்கத்தில், கொஞ்சம் செலவழித்தால் கட்டடம் இன்னும் முப்பது வருஷம் நிற்கும் என்று இவள் எழுதியிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. மேனேஜர் நேரில் போய் நாலாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு வந்தார்.

பெண் பார்க்க வந்தவர்கள் கதை இன்னும் மோசம். மாப்பிள்ளை வீட்டார் ஸ்ரீரங்கத்துக்கு வந்து, சொஜ்ஜி சாப்பிட்டு, "குழந்தை ஏதாவது பேசட்டுமே" என்றிருக்கிறார்கள். குழந்தை பேசியது. "கெட்டதை முதல்ல சொல்லிடறேன். எனக்குச் சமையல் சுமார்தான். வாரத்துல நாலு நாள் வெயில்ல நிப்பேன், கறுத்துடுவேன். தூக்கத்துல குறட்டை விடுவேன்னு அம்மா சொல்றா." சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாளாம். துடைத்து முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்து செருப்பைத் தேடப் போய்விட்டார். அடுத்த நாள் ஆபீஸில் இதைச் சொல்லி இவளே விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபின் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

"நல்லது என்ன சொல்லலாம்னு இருந்தே?" என்றேன்.

"அதை யாராவது இருந்து கேட்டாத்தானே யோசிக்கறதுக்கு" என்றாள்.

பெருமாளிடமும் இதே கதைதானாம். போன வாரம் வராதது, அம்மாவிடம் எரிந்து விழுந்தது, இதையெல்லாம் ஒப்பித்துவிட்டு நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், "நகருங்கோ, நகருங்கோ" என்று வெளியே தள்ளிவிடுவார்களாம். "அவருக்கும் என்னைப் பத்திப் பாதிதான் தெரியும்" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

மன்னார்புரத்தில் ஒரு டிரஸ்ட் இருந்தது. காலமாகிவிட்ட ஒரு தொழிலதிபர் ஆரம்பித்து வைத்தது. வேலையில் இருக்கிற இளம் இன்ஜினியர் ஒருவரை வருஷாவருஷம் தேர்ந்தெடுத்து, வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றில் சில மாதம் வேலை பழக அனுப்புவார்கள். விமான டிக்கெட், தங்குகிற செலவு, சாப்பாடு எல்லாம் அவர்களே. டிராவல் கிராண்ட் என்று பெயர். திரும்பி வந்து இந்த ஜில்லாவில் வேலை பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

எனக்கு அதன் மேல் வெறி. எங்களுக்குத் தட்டிப் பார்த்து மோசம் என்று சொல்லத் தெரியும். மோசமானதை இடிக்காமல் எப்படிப் பிழைக்க வைப்பது என்று தெரியாது. டென்மார்க்கில் ஒரு கம்பெனி அதைத்தான் செய்துகொண்டிருந்தது. நானே எழுதிக் கேட்டு, வந்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்று பதிலும் வாங்கியிருந்தேன். முதல் தடவை விண்ணப்பித்தபோது கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான். ஊரில் அம்மா வேறு, "ஃபாரின் போறதுன்னா ஒன்னு இப்பப் போ, இல்லாட்டி கழுத்தை நீட்டு" என்று நாள் குறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த டிரஸ்டில் ஒரு விசித்திரமான வழக்கம். சிபாரிசுக் கடிதத்தை அவர்கள் தொடக்கூட மாட்டார்கள். எல்லாக் கடிதத்திலும் கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்றுதானே இருக்கும்! அதற்குப் பதிலாக, கூட வேலை செய்கிற ஒருவருக்கு இன்டர்வியூ நடக்கும்போதே போன் போட்டு ஸ்பீக்கரில் பேசச் சொல்வார்கள். விண்ணப்பித்தவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசக்கூடாது என்பது அந்தத் தொழிலதிபர் போட்ட சட்டம். பேசுகிறவர் கூடவே சைட்டில் நின்றவராக இருக்க வேண்டும்.

கூடவே சைட்டில் நின்றவர் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

"அவ பேரையா கொடுக்கப் போறீங்க? உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க" என்றார் மேனேஜர்.

நான் அவளைத் தனியாக டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். "ஒரே ஒரு தடவை. என் வாழ்க்கைடி. நல்லதை முதல்ல சொல்லேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"முயற்சி பண்றேன்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இவ... இவ வந்து... நல்லவ" என்றாள். கேட்கச் சகிக்கவில்லை. துக்கம் விசாரிக்கிற குரல்.

"சரி, கெட்டது என்ன சொல்லுவே?"

"நீ கோபக்காரி. கோபம் வந்தா வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டுப் போயிடுவே. அந்த டேங்க் ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஒரு கிராமத்துத் தண்ணீர் டேங்க். அங்கிருந்த கான்ட்ராக்டர், நான் ஏணியில் ஏறுவதைப் பார்த்து, "பாத்தும்மா, டேங்க் தாங்குமோ தாங்காதோ" என்று சொல்லிச் சிரித்தான். கூட இருந்த கும்பலும் சிரித்தது. நான் சுத்தியலை வீசி எறிந்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டேன். அவள் தனியாக மேலே ஏறித் தட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் பஸ்ஸே வரலை என்று முணுமுணுத்துக்கொண்டு நான் திரும்பி வந்து மீதி வேலையைச் செய்தேன்.

"அதையா சொல்லப் போறே?" என்றேன்.

"நல்லதும் சொல்லுவேண்டி. இருந்து கேக்கச் சொல்லு."

இன்டர்வியூ அன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. தலைவர் ரிட்டயர்டு சீஃப் இன்ஜினியர், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. பக்கத்தில் ஒரு பேராசிரியை அம்மா. வேலை பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். தலைவர் மட்டும் பெருமூச்சு விட்டு, "போறவங்க யாரும் திரும்பி வர்றதில்லைம்மா. போன வருஷம் அனுப்பின பையன் அங்கேயே செட்டிலாயிட்டான். அதுக்கு முந்தின பொண்ணும் அப்படித்தான். டிரஸ்டையே மூடிடலாமான்னு பேச்சு நடக்குது" என்றார். நான் வந்துவிடுவேன் என்றேன். எல்லாரும் அதைத்தானே சொல்லியிருப்பார்கள்.

பிறகு போன் போட்டார்கள். அன்றைக்கென்று அவள் பக்கத்திலேயே ஒரு வாய்க்கால் பாலத்துக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். தண்ணீர் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"கெட்டதை முதல்ல சொல்லிடறேன் சார். அவ பயங்கரக் கோபக்காரி. ஒரு சைட்ல சுத்தியலை வீசிட்டு, வேலையைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டா. நான்தான் தனியா ஏறினேன்."

நிறுத்தினாள். எனக்குத் தெரியும், கண்ணாடியைத் துடைக்கிறாள். துடைடி, சீக்கிரம் துடை என்று உள்ளுக்குள் கத்தினேன். டொக்கென்று சத்தம். லைன் போய்விட்டது.

மறுபடி போட்டார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே. பேராசிரியை அம்மா என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்.

"அவங்க சொன்னது உண்மையாம்மா?" என்றார் தலைவர்.

"உண்மைதான் சார்."

"சரி, வெளியில உக்காருங்க. லைன் கிடைச்சா கூப்பிடறோம்."

வெளியிலாவது உட்காருவதாவது! எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வராண்டாவில் அடுத்தவர் டை கட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி, ஜங்ஷனுக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவளைத் திட்டுவதற்கு எனக்குத் தெரிந்த வார்த்தையெல்லாம் வரிசையில் நின்றன. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள்தான். எடுக்கவில்லை. தென்னூர் தாண்டும்போது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று எடுத்தேன்.

"நல்லா இருப்பியாடி நீ?" என்றேன்.

"எங்கே இருக்கே?"

"எங்கேயோ இருக்கேன். உனக்கென்ன?"

"நான் மன்னார்புரத்துல இருக்கேன். டிரஸ்ட் ஆபீஸ்ல. லைன் போனதும் ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். பாதிதான் கேட்டிருக்கா. மீதியைச் சொல்றேன்னா, நீ எதிர இல்லாம கேக்க மாட்டாளாம். அவா சட்டமாம். அஞ்சு மணிக்கு எல்லாரும் கிளம்பிடுவா. வரியா, மாட்டியா?"

"இன்னும் என்ன சொல்லப் போறே? நானும் குறட்டை விடறேன்னா?"

"வா" என்றாள். அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தோடேயே எழுந்து, "வண்டியை நிறுத்துங்க" என்றேன்.

"இங்க ஸ்டாப் இல்லைம்மா" என்றார் கண்டக்டர்.

"நிறுத்தறீங்களா, குதிக்கட்டுமா?"

நிறுத்திவிட்டார்.

ஆட்டோவில் போய் இறங்கினேன். அவள் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தாள். பூட்ஸெல்லாம் சேறு, சல்வார் முட்டி வரை ஈரம், தலையில் இன்னும் ஹெல்மெட். டிரஸ்டின் பளபளப்பான தரை முழுக்க அவள் கால்தடம். உள்ளே போனோம். தலைவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. மீதி என்ன?"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முதல் தடவையாக இடைவெளியே விடாமல் பேசினாள்.

"சுத்தியலை வீசிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனா சார். நான் டேங்க் மேலே இருந்தேன். அங்கேர்ந்து ரோடு நன்னாத் தெரியும். பஸ் வந்தது. இவ ஏறலை. இன்னொண்ணு வந்தது. அதுலயும் ஏறலை. கொஞ்ச நேரம் மரத்தடியில நின்னா. அப்புறம் சுத்தியல் விழுந்த இடத்துக்கு வந்து, அதைத் தேடி எடுத்துண்டு மேலே ஏறினா. பஸ் வரலைன்னு எங்கிட்ட பொய் சொன்னா. நானும் சரின்னுட்டேன். அந்த டேங்க்ல மோசமான பக்கத்தைத் தட்டினது இவதான். எத்தனையோ தடவை கோபிச்சுண்டு போயிருக்கா. ஒரு தடவைகூடத் திரும்பி வராம இருந்ததில்லை. இதோ, இன்னிக்கும் வந்துட்டா."

எனக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த மரத்தடியில் நின்றதை யாரும் பார்க்கவில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கூடவே வேலை செய்து, கூடவே டீ குடித்து, ஒருநாள்கூட அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. பொங்கிப் பொங்கி அழுகை வந்தது, அழுதுவிட்டேன். பேராசிரியை அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். தலைவர் கடிகாரத்தை எடுத்துக் கையில் கட்டிக்கொண்டு, "எங்களுக்கு வேண்டியது அதுதாம்மா" என்றார்.

கிராண்ட் கிடைத்தது. நான் கிளம்புகிற அன்று வையம்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் ஏர்போர்ட்டுக்கு வந்தது. அவளும் வந்தாள். "கெட்டதை முதல்ல சொல்லிடறேன். அந்தக் குளிருக்கு உன் ஸ்வெட்டர் பத்தவே பத்தாது" என்றாள். நல்லதைச் சொல்வதற்குள் என் அத்தைமார் எல்லாம் கட்டிப்பிடித்து என்னை உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவள் சொன்னது சரிதான், ஸ்வெட்டர் பற்றவில்லை. ஆனால் வேலை! வாயில் பால் வடிகிற குழந்தைக்குத் துடைத்து விடுகிற மாதிரி அங்கே பாலத்தைப் பார்த்துக்கொண்டார்கள். துருப்பிடித்த கம்பியை மட்டும் திறந்து, சுத்தம் செய்து, புதுப் பூச்சுப் பூசி, அதே பாலத்தில் மறுநாள் வண்டியை விட்டார்கள். எனக்கு அங்கே யார் மேலும் கோபமே வரவில்லை. ஏணியில் ஏறினால் ஒருவரும் சிரிப்பதில்லை. கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியபோது, அங்கிருந்த மேனேஜர் கூப்பிட்டு உட்கார வைத்து, நிரந்தர வேலை தருகிறோம், உங்கள் டிரஸ்ட் உங்களுக்குச் செய்த செலவையும் நாங்களே திருப்பிக் கட்டிவிடுகிறோம் என்றார். நாளைக்குப் பதில் சொல்லச் சொன்னார்.

பொய் சொல்வானேன், ஆசை வந்துவிட்டது. போனவர்கள் ஏன் திரும்பவில்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அவளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, "நான் என்னடி செய்யட்டும்?" என்றேன்.

"கெட்டதை முதல்ல சொல்லிடறேன்" என்றாள். "நீ இல்லாம ஆபீஸ் ஜோரா நடக்கறது. புதுசா ஒரு பையனைச் சேர்த்திருக்கா, நன்னாவே தட்டறான். மேனேஜர் உன்னைப் பத்திப் பேசறதே இல்லை. உன் நாற்காலியில பிரிண்டரை வெச்சுட்டா. இங்க யாரும் உன்னைத் தேடலை."

நிறுத்தினாள்.

எனக்குச் சுருக்கென்றது. கட்டைவிரல் போனை வைக்கிற பட்டனுக்குப் போய்விட்டது. வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஆபீஸ் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. கீழே மருந்துக்கடையில் யாரோ பேரம் பேசினார்கள். இருந்து கேட்டேன்.

"நான் தேடறேண்டி" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த மேனேஜரிடம் போய், மன்னிக்கணும், திரும்பிப் போக டிக்கெட் ஏற்கெனவே போட்டாயிற்று என்றேன். போடவில்லை. அன்று சாயங்காலம்தான் போட்டேன்.